எந்தப் பாடத்தையும் எடுக்கலாம் என்று சொன்னால் மட்டும் போதுமா?

தேன்மொழி:
இரண்டு வருடம் இயற்பியல் படித்துவிட்டுப் புள்ளியியலுக்கு மாறினேன். மாறலாம் என்று பாடத்திட்டக் கையேட்டிலேயே போட்டிருந்தது. முடித்த பாடங்களுக்குக் கிடைத்த மதிப்பு அலகாக 78 கிரெடிட் கையில் இருந்ததால் தைரியமாக விண்ணப்பித்தேன். மாறி முடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. 78-ம் ஏற்றுக்கொள்ளப்படும், ஆனால் புதிய பட்டத்துக்குக் கணக்காவது 30 மட்டும். மீதி 48 'கூடுதல் விருப்பப் பாடம்' என்று மதிப்பெண் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு முழு வருடம் கூடுதலாகப் படித்தேன்.

மாறியதற்காக நான் வருந்தவில்லை. பதினெட்டு வயதில் எடுத்த முடிவோடு வாழ்நாள் முழுக்க ஒருவரைக் கட்டிப்போடுவது தவறு என்றுதான் இப்போதும் சொல்வேன். துறை மாறுவது, இடையில் நிறுத்திவிட்டுத் திரும்பி வருவது, வேறு இடத்தில் படித்ததை இங்கே சேர்ப்பது எல்லாமே இன்னும் எளிதாக வேண்டும். எதிர்க்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

செழியன்:
எனக்கு எதிர்க்கருத்து இருக்கிறது. கல்லூரியில் கணிதம் கற்பிக்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் நீங்கள் கேட்கும் மருந்து நோயைக் கூட்டும் என்று நினைக்கிறேன்.

சில துறைகளில் பாடங்கள் படிக்கட்டு மாதிரி. நுண்கணிதம் முடிக்காமல் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் போக முடியாது. அது இல்லாமல் கணிதப் புள்ளியியல் புரியாது. இதில் ஒரு படி ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும் என்றால், அதைத் தவறவிட்டவர் ஒரு வருடம் காத்திருக்கத்தான் வேண்டும். வழிகளைக் கூட்டக் கூட்ட, இப்படித் தவறவிடும் இடங்களும் கூடும்.

வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1869-ல் தலைவரான சார்லஸ் எலியட் கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். 1890களின் இறுதியில் முதலாண்டு ஆங்கிலம் தவிர ஏறக்குறைய எல்லாமே மாணவர் விருப்பம். நிறையப் பேர் அறிமுகப் பாடங்களாகவே எடுத்துக்கொண்டு போனார்கள், எதிலும் ஆழமில்லை என்ற குறை எழுந்தது. 1909-ல் அவருக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல், ஒரு துறையில் ஆழமாகவும் மற்றவற்றில் பரவலாகவும் படித்தாக வேண்டும் என்று விதியைத் திரும்பக் கொண்டுவந்தார். சுதந்திரத்தை முழுதாகக் கொடுத்துப் பார்த்த இடமே அதைக் கொஞ்சம் திரும்ப வாங்கிக்கொண்டது.

தேன்மொழி:
ஐயா, லோவெல் துறையை விதித்தாரா? எந்தத் துறையில் ஆழமாகப் படிப்பது என்ற தேர்வு அப்போதும் மாணவரிடம்தானே இருந்தது? பிரவுன் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். 1969-ல் பொதுக் கட்டாயப் பாடங்களை நீக்கினார்கள். ஒரு துறையை முதன்மையாக முடித்தால் போதும், மற்றவை மாணவர் விருப்பம். அந்த முறை இன்றுவரை நடக்கிறது.

செழியன்:
பிரவுனுக்கு வருகிறவர்கள் கடும் போட்டியில் தேர்வானவர்கள், அருகிலேயே வழிகாட்ட ஆட்களும் உண்டு. நான் கவலைப்படுவது தன் குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளையைப் பற்றி. நாற்பது பாடங்களின் பட்டியலைக் கையில் கொடுத்து 'உன் இஷ்டம்' என்று சொன்னால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? அண்ணனோ அத்தையோ பட்டதாரியாக இருக்கும் வீட்டில் சாப்பாட்டு நேரத்திலேயே பதில் கிடைத்துவிடும். இந்தப் பிள்ளைக்குத் தோழன் சொல்வதுதான் வேதவாக்கு. தெளிவான ஒற்றைப் பாதை அவர்களுக்குப் பாதுகாப்பு.

கதிரவன்:
செழியன் ஐயா சொல்லும் அந்தப் பிள்ளை நான்தான். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அதனால் ஒன்று சொல்கிறேன். ஒற்றைப் பாதை என்னைக் காப்பாற்றவில்லை, வெளியேதான் தள்ளியது.

மூன்றாம் செமஸ்டரில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. வேலைக்குப் போக வேண்டிய நிலை. ஒரு வருடம் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று கேட்டேன். இருந்தால் முழுநேரம், இல்லாவிட்டால் பெயரை நீக்கிவிடுவோம் என்றார்கள். நீக்கினார்கள். ஆறு வருடம் கழித்து இன்னொரு இடத்தில் முதலிலிருந்து தொடங்கி, இப்போது வேலை பார்த்துக்கொண்டே செமஸ்டருக்கு இரண்டு பாடமாகப் படிக்கிறேன்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-லேயே, முன்தகுதி எதுவும் கேட்காமல், வேலையில் இருப்பவர்களைச் சேர்த்துக்கொண்டது. வாழ்க்கை நேர்கோட்டில் போகாது என்பதை ஒரு கல்வி நிறுவனம் ஐம்பது வருடத்துக்கு முன்பே புரிந்துகொண்டு நடந்திருக்கிறது.

அன்புச்செல்வி:
நான் மாணவர் ஆலோசகர், பதினொரு வருடமாக இதே வேலை. நீங்கள் எல்லோரும் பாதையைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதையில் கூட வருகிற ஆளைப் பற்றிப் பேசலாமா?

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-ல் தன் இரண்டாண்டுக் கல்லூரிகளில் மாணவர்கள் படிப்பை முடிக்கத் துணை நிற்கும் ஏசாப் (ASAP) என்ற திட்டத்தைத் தொடங்கியது. அடிப்படைப் பாடங்களில் பின்தங்கிய, குறைந்த வருமான மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஆய்வு செய்தார்கள். மூன்று வருட முடிவில் திட்டத்தில் இருந்தவர்களில் 40 சதவீதம் பட்டம் பெற்றார்கள். வழக்கமான முறையில் படித்தவர்களில் 22 சதவீதம். கட்டண உதவி, பாடப்புத்தகம், பயண அட்டை எல்லாம் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு எண். அங்கே ஓர் ஆலோசகரிடம் 60 முதல் 80 மாணவர்கள். அதே கல்லூரிகளில் மற்றவர்களுக்கு ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1,500 வரை.

ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு ஆலோசனை சொல்ல முடியாது. கையெழுத்துப் போடத்தான் முடியும். பதிவு வாரத்தில் ஒரு மாணவருக்கு ஏழு நிமிடம் ஒதுக்கி நானே அதைச் செய்திருக்கிறேன். அந்த ஏழு நிமிடத்தில் கதிரவன் வந்து உட்கார்ந்திருந்தால் அப்பாவைப் பற்றி வாயைத் திறந்திருக்கவே மாட்டார். தேன்மொழிக்கும் 'மாறலாமா' என்றதற்கு 'மாறலாம்' என்ற பதில்தான் கிடைத்திருக்கும். 'எத்தனை கிரெடிட் கணக்காகும்' என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்ல நேரம் இருந்திருக்காது.

செழியன்:
அந்தத் திட்டத்தை நானும் அறிவேன், அம்மா. அதில் முழுநேரமாகப் படிப்பது கட்டாயம் என்பதை விட்டுவிட்டீர்களே. ஆலோசகரை அடிக்கடி சந்திப்பதும் கட்டாயம். நீங்கள் காட்டிய சான்று என் பக்கம்தான் நிற்கிறது.

கதிரவன்:
அப்படியானால் அந்தத் திட்டத்திலும் எனக்கு இடம் இருந்திருக்காது. அதில் சேர முடிந்தவர்களுக்கு நல்லது நடந்தது, மகிழ்ச்சி. சேரவே முடியாதவர்களை அந்த 40 சதவீதம் எண்ணவில்லை.

அன்புச்செல்வி:
இரண்டு பேர் சொல்வதும் சரி. முழுநேரம் என்ற நிபந்தனையைச் சொல்லாமல் விட்டது என் தவறு. ஆனால் செழியன் சார், அங்கே கட்டாயம் வந்தபோது கூடவே 60 பேருக்கு ஓர் ஆளும் வந்தார். நம் நிறுவனங்கள் கட்டாயத்தை மட்டும் எடுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் அதற்குச் செலவில்லை.

தேன்மொழி:
ஆலோசகர் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பயமும் இருக்கிறது. பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் 1960-லேயே எழுதியிருக்கிறார். அமெரிக்க இரண்டாண்டுக் கல்லூரிகளில், பெரிய ஆசையோடு வந்து மதிப்பெண் குறைந்த மாணவர்களை ஆலோசகர்கள் மெல்ல மெல்லப் பேசி, சின்ன இலக்குக்கு இறக்கிவிடுகிறார்கள் என்றார். மாணவருக்கோ அது தன் சொந்த முடிவு போலவே தோன்றும். என்னிடமும் ஒருவர் 'பெண்பிள்ளை, இவ்வளவு கணக்கு எதற்கு' என்று அன்பாகத்தான் சொன்னார். அன்பாகச் சொன்னதால் மறுத்துப் பேசவே முடியவில்லை.

அன்புச்செல்வி:
அது நடக்கிறது. நானும் செய்திருக்கலாம், தெரியாமலே. அதனால் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். 'உனக்கு இது வரும், வராது' என்று என் வாயால் சொல்வதில்லை. ஒரு தாளை நடுவில் வைப்பேன். எந்தெந்தப் பாடம் புதிய பட்டத்துக்குக் கணக்காகும், எது ஆகாது, இன்னும் எத்தனை செமஸ்டர், பணம் எவ்வளவு கூடும். எல்லாவற்றையும் மாணவர் தன் கையாலேயே எழுதுவார். எழுதி முடித்த பிறகும் மாறுவேன் என்றால் கையெழுத்துப் போடுவேன். ஒரு பெண் மூன்று செமஸ்டர் கூடும் என்று எழுதிப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே மாறினாள். முடித்தும் விட்டாள்.

வெளியிலிருந்து வரும் கிரெடிட்டுக்கும் இதே தாள்தான். ஐரோப்பாவில் ஒரு முழுநேர ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று பொது அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அளவு ஒன்றானது பெரிய காரியம். இருந்தாலும் இந்தப் பாடம் அந்தப் பாடத்துக்கு ஈடா என்பதை அந்தந்தத் துறை உட்கார்ந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேன்மொழியின் 48 கிரெடிட் சிக்கியது அங்கேதான்.

செழியன்:
மூன்றாம் ஆண்டில் துறை மாறுவதை இப்போதும் எதிர்க்கிறேன். அதில் மாற்றமில்லை. கதிரவன் விஷயத்தில் என் எண்ணம் மாறியிருக்கிறது. நிறுத்திவிட்டுத் திரும்பி வருவதும் பாதையை மாற்றுவதும் ஒன்றில்லை, இரண்டையும் நான் ஒன்றாகவே போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன். நிறுத்தியவருக்கு அவர் விட்ட படியிலேயே இடம் வைத்திருக்க வேண்டும். அடுத்த துறைக் கூட்டத்தில் இதை எழுத்தில் வைக்கிறேன். அன்புச்செல்வி அம்மாவின் தாளையும் எங்கள் துறைக்கு ஏற்ற மாதிரி தயாரிக்கப் பார்க்கிறேன்.

தேன்மொழி:
நன்றி ஐயா. அந்தத் தாளில் இன்னொரு பத்தி சேருங்கள்: எந்தப் பாடம் எந்த செமஸ்டரில் மட்டும் நடக்கும் என்று. மூன்றாம் ஆண்டைப் பற்றி உங்களோடு இன்னும் சண்டை போடுவேன், நாளை எழுதுகிறேன்.