சுங்குடிச் சேலையை ஆன்லைனில் விற்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் அம்மாவும் சித்தியும் சுங்குடிச் சேலை விற்கிறார்கள், வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் படம் போட்டாலே தெரிந்தவர்கள் கூகுள் பேயில் பணம் அனுப்பிவிடுகிறார்கள், அதுவரை சிக்கல் இல்லை. இப்போது ஏதாவது பெரிய தளத்தில் சேரலாமா என்று யோசனை. 2023 அக்டோபரிலிருந்து, விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவில்லாமலே என்ரோல்மென்ட் எண் வாங்கித் தமிழ்நாட்டுக்குள் விற்கலாம், சரி. ஆனால் எங்களிடம் அதிகம் கேட்பதே பெங்களூருக்காரர்கள்! அதற்காக ஜிஎஸ்டி எடுத்தால் ஆடிட்டர் செலவுக்குக் கட்டுப்படியாகுமா?

அப்புறம் கேஷ் ஆன் டெலிவரி. அரக்கு நிறம் போட்டோவில் பளிச்சென்று சிவப்பாகத் தெரிகிறது, அதனால் சேலை திரும்பி வந்தால் கூரியர் காசு யார் தலையில்? முடிச்சுப் புள்ளி தெளிவாகத் தெரிய வெயிலில் எடுப்பதா, நிழலிலா? துணி விற்ற அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள், கோர்ஸ் விற்பவர்கள் தயவுசெய்து இன்பாக்ஸுக்கு வராதீர்கள்.