ஒரே தொடருக்கு ஓரிடத்தில் பிரதமரின் பரிந்துரை, ஓரிடத்தில் தடை: எர்துருல் ஓடியதில் அரசியலின் பங்கு எவ்வளவு?

வைகைக்கரையான் கேட்டது:

துருக்கி அரசு சேனலான டிஆர்டி 1இல் 2014 டிசம்பர் முதல் 2019 மே வரை வந்த ‘திரிலிஷ்: எர்துருல்’ (ஒட்டோமான் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துருலின் கதை) பற்றிக் கட்டுரை ஒன்று எழுதுகிறேன். பாகிஸ்தானில் இம்ரான் கான் பிரதமராக இருந்தபோது அவரே சொல்லி, 2020இல் அந்நாட்டு அரசு சேனலான பிடிவி இதை உருதுவில் ஒளிபரப்பியது. நாடே அதைப் பார்த்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் எகிப்தில் மதத் தீர்ப்பு வழங்கும் அரசு அமைப்பான தாருல் இஃப்தா, துருக்கி தன் செல்வாக்கைப் பரப்பும் கருவி இந்தத் தொடர் என்று எச்சரித்தது. சவூதிக்காரர்கள் கையிலிருக்கும் அரபு டிவி நிறுவனமான எம்பிசி 2018 மார்ச்சிலேயே துருக்கித் தொடர்களை மொத்தமாக நிறுத்திவிட்டது.

“அரசியல்தான் ஓட வைத்தது, அரசியல்தான் நிறுத்தியது” என்று எழுதலாமா? யூடியூப் பார்வை எண்ணிக்கையை ஆதாரமாகக் காட்டினால் போதுமா?

திரைக்கணக்கன்:

இரண்டாவது பாதி சரி. முதல் பாதியை அப்படியே எழுதினால் அடி வாங்குவீர்கள்.

பாகிஸ்தானில் அது தொடங்கிய தேதியைப் பாருங்கள்: 2020 ஏப்ரல் 25. அன்றுதான் அங்கே ரமலான் முதல் நாள். மார்ச் கடைசியிலிருந்து ஊரடங்கு வேறு. எல்லோரும் வீட்டில் இருந்தார்கள், உள்ளூர்ப் படப்பிடிப்புகள் நின்றுபோயிருந்தன. கேபிள் இல்லாத கிராமத்திலும் ஆன்டெனாவில் கிடைக்கும் சேனல் பிடிவி. போதாததற்கு எல்லாப் பகுதியும் உருது டப்பிங்கில் யூடியூபில் இலவசம். இத்தனையும் ஒரே மாதத்தில் கூடிவந்தால் சுமாரான தொடர்கூட ஓடும். இது சுமாரான தொடர் அல்ல என்பது வேறு விஷயம்.

இன்னொன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்திய நிகழ்ச்சிகளை டிவியில் காட்டக் கூடாது என்ற தடையை பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் மறுபடி கொண்டுவந்தது. புல்வாமா, பாலாகோட் சம்பவங்களுக்குப் பிறகு பிடி இன்னும் இறுகியது. அதாவது பெரிய போட்டியாளர் ஒருவர் களத்திலேயே இல்லை. இதுவும் அரசியல்தான், ஆனால் துருக்கியோடு சம்பந்தமில்லாத அரசியல்.

ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு ஒரு தொடர் வேண்டும். 2012இல் உருது 1 சேனலில் ‘இஷ்க்-ஏ-மம்னூ’ என்ற பெயரில் வந்த துருக்கிக் குடும்பக் கதையை எடுங்கள். கள்ளக்காதல், பணக்கார வீடு, மதுக்கோப்பை. எந்தப் பிரதமரும் அதைப் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் உள்ளூர்த் தயாரிப்பாளர்கள் “எங்கள் பிழைப்பு போகிறது” என்று போராடும் அளவுக்கு ஓடியது. ஆக, துருக்கிக் கதை என்றால் அந்த ஊர்க்காரர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பது எட்டு வருடம் முன்பே தெரிந்துவிட்டது. இம்ரான் கான் ஆசையை உருவாக்கவில்லை. அரசு சேனலில் நல்ல நேரத்தையும் டப்பிங் செலவையும் வாங்கிக் கொடுத்தார். என் கணக்கில் அரசியலின் பங்கு அவ்வளவுதான். அதைச் சின்ன விஷயம் என்றும் சொல்ல மாட்டேன்.

பழைய ஆன்டெனா:

அரபுப் பக்கத்தைச் சேர்க்காவிட்டால் படம் முழுமையாகாது. அங்கே துருக்கி அலை தொடங்கியது 2008இல், ‘நூர்’ தொடரோடு. துருக்கியில் ‘குமுஷ்’ என்ற பெயரில் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்த கதை அது. எம்பிசி இரண்டு காரியம் செய்தது. பாத்திரங்களுக்கு அரபுப் பெயர் வைத்தது. மெஹ்மெத் முஹன்னத் ஆனான். அதற்கு முன் மெக்சிகோ தொடர்களை இலக்கண அரபியில் டப் செய்து வந்தார்கள், பாடப்புத்தகம் வாசிப்பது போலிருக்கும். இதைச் சிரியாவின் பேச்சு வழக்கில் டப் செய்தார்கள். கடைசிப் பகுதியை 8.5 கோடிப் பேர் பார்த்ததாக எம்பிசி சொன்னது (நிறுவனமே சொல்லிக்கொண்ட எண், அப்படியே குறிப்பிடுங்கள்). சவூதியின் தலைமை முஃப்தி பார்க்காதே என்றார். யாரும் கேட்கவில்லை.

மத எதிர்ப்பால் சாகாத அலை 2018இல் நின்றது எப்படி? 2017 ஜூனில் கத்தாரை அண்டை நாடுகள் முற்றுகையிட்டன, துருக்கி கத்தார் பக்கம் நின்றது. அந்த நவம்பரில் ஊழல் ஒழிப்பு என்ற பெயரில் சவூதி அரசு பிடித்து ரியாத்தின் ரிட்ஸ் ஓட்டலில் அடைத்தவர்களில் எம்பிசியின் தலைவரும் ஒருவர். 2018 மார்ச்சில் தொடர்கள் போயின, ஓடிக்கொண்டிருந்தவை உட்பட. பார்வையாளர் கருத்து மாறியதற்கு அடையாளமே கிடையாது. மாறியது சேனலின் சாவி. எகிப்திலும் இதே கதைதான்: 2013இல் எகிப்து அதிபர் முர்சி கவிழ்க்கப்பட்டதை அன்றைய துருக்கிப் பிரதமர் எர்தோவான் கண்டித்தார், தனியார் சேனல்கள் துருக்கித் தொடர்களைத் தூக்கின.

தடையோடு அவர்கள் நிற்கவில்லை, எதிர்க்கதையும் எடுத்தார்கள். 2019 நவம்பரில் எம்பிசியில் ‘மமாலிக் அல்-நார்’. 4 கோடி டாலர் செலவு, 14 பகுதி. 1517இல் கெய்ரோவின் பாப் ஸுவைலா வாசலில் தூக்கிலிடப்பட்ட, எகிப்தை ஆண்ட மம்லூக் வம்சத்தின் கடைசி சுல்தான் தூமான் பே நாயகன். ஒட்டோமான் சுல்தான் செலிம் வில்லன். பேச்சு முழுக்க இலக்கண அரபி. செலவில் குறையில்லை. ஆனால் ‘நூர்’ போல வீட்டுக்குள் ஒட்டிக்கொள்ள 14 பகுதி எங்கே போதும்?

2022 ஏப்ரலில் எர்தோவான் சவூதி போய் வந்தார். அதன் பிறகு துருக்கிக் கதைகளும் எம்பிசிக்குத் திரும்பின.

சினார் நிழல்:

மேலே இருவரும் எல்லாவற்றையும் சேனல், நேரம், டப்பிங் என்று சுருக்கிவிட்டீர்கள். ஒப்புக்கொள்ள முடியவில்லை.

காஷ்மீரைப் பாருங்கள். எந்த இந்திய சேனலும் எர்துருலைப் போடவில்லை. 2020 ஜனவரி முதல் 2021 பிப்ரவரி வரை பெரும்பாலான மாவட்டங்களில் மொபைலில் 2ஜிதான். யூடியூபில் ஒரு பகுதி ஓடி முடிவதற்குள் விடிந்துவிடும். பென்டிரைவில் கைமாற்றிப் பார்த்தார்கள். பிறந்த பிள்ளைக்கு எர்துருல் என்று பெயர் வைத்ததாகச் செய்தி வந்தது. இங்கே சாவி யார் கையில் இருந்தது? சிதறிக் கிடக்கும் ஒரு சிறு குலம், பெரிய சக்திகளுக்கு நடுவே தலைநிமிர்கிறது என்ற கதை, தன் நிலையை அதில் பார்க்கிறவனுக்கு வேறு மாதிரித்தான் பிடிக்கும்.

பாகிஸ்தானிலேயே இன்னொரு சாட்சி உண்டு. எர்துருலின் மனைவி ஹலீமாவாக நடித்த எஸ்ரா பில்கிச்சின் இன்ஸ்டாகிராம் படங்களுக்குக் கீழே போய்ப் பாருங்கள். “ஹலீமா சுல்தான் இப்படி உடுத்தலாமா?” என்று உபதேசம் செய்தவர்கள் பலர். குடும்பக் கதை நடிகைக்கு அப்படியொரு கண்காணிப்பு இல்லை. இஷ்க்-ஏ-மம்னூவையும் எர்துருலையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்: முதலாவதைக் கதையாகப் பார்த்தார்கள், இரண்டாவதைத் தங்கள் வரலாறாகவே எடுத்துக்கொண்டார்கள்.

வைகைக்கரையான்:

சினார் சொல்வது பிடிபடுகிறது. அப்படியென்றால் எதிர்ப்பக்கமும் உண்டா? அரசு தடை எதுவும் இல்லாமல், மக்கள் மனநிலை கெட்டதாலேயே தொடர்கள் காணாமல் போனது?

ஒசாகா ஓரம்:

உண்டு. ஜப்பானில் கொரியத் தொடர்கள்.

‘விண்டர் சொனாட்டா’ 2003இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கேயின் சாட்டிலைட் சேனலில் வந்தது. 2004இல் பொதுச் சேனலில், சனிக்கிழமை இரவு 11 மணிக்கு மேல் வந்தபோது கடைசிப் பகுதிக்குக் கான்டோ (டோக்கியோ சுற்றுவட்டாரம்) பகுதியில் 20.6 சதவீத ரேட்டிங். அந்த நேரத்துக்கு அது அசுர எண். பிறகு எல்லாச் சேனலும் கொரியத் தொடர்களை வாங்கிக் குவித்தன. 2011 ஆகஸ்டில் “கொரியச் சரக்கு அதிகம்” என்று ஃபுஜி டிவி வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். விளம்பரம் கொடுத்த சலவைப்பொருள் நிறுவனத்தையும் புறக்கணிக்கச் சொன்னார்கள். சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது: தொடரைப் பார்ப்பவர் சத்தம் போடுவதில்லை, பார்க்காதவர் போடும் சத்தம் விளம்பரதாரர் காதுக்குப் போகிறது.

2012 ஆகஸ்ட் 10 அன்று கொரிய அதிபர் லீ மியுங்-பாக், இரு நாடும் உரிமை கோரும் டோக்டோ தீவில் இறங்கினார். ஜப்பானியர் அதை டாகேஷிமா என்பார்கள். அதே மாதம் அந்தத் தீவுக்கு நடந்த நீச்சல் தொடரோட்டத்தில் நடிகர் சோங் இல்-குக் கலந்துகொண்டார். அவர் நடித்த தொடரை ஒரு சாட்டிலைட் சேனல் தள்ளிவைத்தது. ஜப்பான் அமைச்சரவை அலுவலகக் கருத்துக்கணிப்பில், கொரியாமீது நெருக்கம் உணர்வதாகச் சொன்னவர்கள் 2011இல் 62.2 சதவீதம், 2012இல் 39.2. யாரும் சட்டம் போடவில்லை. பொதுச் சேனல்களில் கொரிய நேரம் அதுவாகவே சுருங்கியது.

உங்கள் கட்டுரைக்கு ருசியான பகுதி அடுத்தது. 2019 ஜூலையில் ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சண்டை. அந்த ஆண்டுக் கணிப்பில் நெருக்கம் 26.7 சதவீதம்தான். ஆனால் 2020 பிப்ரவரியில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ ஜப்பானில் பிய்த்துக்கொண்டு ஓடியது. சந்தா கட்டிப் பார்க்கும் இடத்தில் மிரட்ட விளம்பரதாரர் இல்லை. தனியாக ஹெட்ஃபோன் மாட்டிப் பார்ப்பவரைப் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கப் போவதுமில்லை. ஆகவே நாட்டு மனநிலை என்ற ஒன்றை மட்டும் எழுதாமல், அந்தத் தொடருக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.

திரைக்கணக்கன்:

காஷ்மீர் விஷயத்தில் சினாருக்குப் பதில் என்னிடம் இல்லை, அதைக் கட்டுரையில் கட்டாயம் சேருங்கள். யூடியூப் கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்கு வருகிறேன்.

மொத்தப் பார்வையைக் கூட்டாதீர்கள். துருக்கியில் எர்துருல் 150 பகுதி, ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மணி நேரம். வெளிநாட்டுக்காக அறுத்ததில் நெட்ஃப்ளிக்ஸில் 448 ஆகிவிட்டது. முதல் சீசன் மட்டும் 26லிருந்து 76. ஒரே ஆள் முழுத் தொடரையும் பார்த்தால் ஓரிடத்தில் 150 பார்வை, இன்னோரிடத்தில் 448. மொத்தத்தை ஒப்பிட்டால் பாகிஸ்தான்காரர் துருக்கிக்காரரைவிட மூன்று மடங்கு வெறியர் என்று வரும்.

அதற்குப் பதிலாக முதல் பகுதி, இருபதாவது, சீசனின் கடைசிப் பகுதி மூன்றின் பார்வையை எடுத்து, முதல் பகுதியை நூறாக வைத்து மற்றதைக் கணக்கிடுங்கள். தலைவர் பேச்சைக் கேட்டு எட்டிப் பார்த்தவர்கள் முதல் பகுதியோடு போய்விடுவார்கள், தங்கியவர்கள் கடைசியில் தெரிவார்கள். ஒரே சேனலில், ஒரே டப்பிங்கில் உள்ள பகுதிகளுக்குள் மட்டும் இதைச் செய்யுங்கள். ரசிகர்கள் ஏற்றிய திருட்டுப் பிரதிகள் பாதியில் நீக்கப்பட்டிருக்கும், கணக்கு கெடும். முதல் பகுதியின் எண் வருடக்கணக்கில் ஏறிக்கொண்டே போகும் என்பதால், எண்ணை எடுத்த தேதியையும் பக்கத்தில் போடுங்கள்.