மழையில் பாறை ஏற முடியவில்லை, மழை நிற்கவும் இல்லை: ஆட்டத்தில் கோளாறா?

தேன்சிட்டு:
வணக்கம் நண்பர்களே. நின்டெண்டோ ஸ்விட்சில் 'ஜெல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' வீடியோ கேம் முதன்முறையாக ஆடுகிறேன். ஸோரா என்ற மீன் மனிதர்களின் ஊரான ஸோரா டொமைனுக்குப் போகிற பாதை ஆற்றோரமாக வளைந்து வளைந்து போகிறது, வழி நெடுக எதிரிகள். அதனால் பக்கத்துப் பாறையில் ஏறிக் குறுக்கே போய்விடலாம் என்று நினைத்தேன். நாலைந்து பிடி ஏறினதும் நாயகன் லிங்க் சர்ரென்று சறுக்குகிறான். ஏறினதில் பாதி போய்விடுகிறது. ஸ்டாமினா (ஏறுவதற்கான தெம்பு) ஒரு வட்டமும் கொஞ்சமும்தான் இருக்கிறது, பாதி உயரத்திலேயே தீர்ந்து விழுகிறேன். மழை விடட்டும் என்று காத்திருந்தும் பார்த்துவிட்டேன். ஏதாவது வழி சொல்லுங்கள்.

கல்தச்சன்:
மழையில் சறுக்குவது ஆட்டத்தின் விதி, கோளாறு இல்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள், அடுத்தடுத்து வரப்போகும் வானிலை சின்னங்களாக இருக்கும். பாறை துருத்திக்கொண்டிருக்கிற இடமாகப் பார்த்து ஒதுங்கி, விறகுக்கட்டும் சிக்கிமுக்கிக் கல்லும் வைத்துத் தீ மூட்டி, காலை வரை உட்காருங்கள். வெட்டவெளியில் மூட்டினால் அணைந்துவிடும்.

தேன்சிட்டு:
அதையும் செய்தேன் அண்ணா. மூன்று முறை விடியவைத்தேன். சின்னம் எல்லாமே மழைதான். அதனால்தான் கோளாறோ என்று சந்தேகம் வந்தது.

நீலக்கொடி:
எந்த இடம் என்று முதலில் சொன்னீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. ஸோரா பகுதியில் அந்த மழை வானிலைக் கணக்கில் வருவதில்லை. வா ரூட்டா என்ற யானை வடிவ இயந்திரம்தான் அதைப் பெய்யவைக்கிறது. அதை அடக்குகிற வரை நிற்காது, எத்தனை நாள் தீ மூட்டி உட்கார்ந்தாலும் சரி. உங்களைப் பாதை வழியாக நடத்திக் கூட்டிப் போகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த இடமே இதுதான். 'இங்கே ஏறாதே' என்று கண்ணுக்குத் தெரியாத சுவர் எழுப்பாமல், மழையை வைத்தே சொல்லிவிட்டார்கள்.

இனோகோ பாலத்துக்குப் போங்கள். அங்கே ஸோரா இளவரசன் ஸிடான் பேசுவான், மின்சாரம் தாங்கும் மருந்து ஒன்றும் தருவான். வழியில் மின் அம்பு எய்கிற லிஸால்ஃபோஸ் என்ற பல்லி அரக்கர்கள் இருப்பதால் அது அவசியம். அரண்மனை போனதும் ராஜா ஸோரா கவசம் தருவார். அதைப் போட்டால் அருவியிலேயே நீந்தி மேலே ஏறலாம். அடுத்து இருபது மின் அம்பு எடுத்துவர ப்ளாய்மஸ் மலைக்கு அனுப்புவார்கள், அதை அருவி வழியாகவே ஏறுங்கள். பாறையைத் தொடவே வேண்டாம்.

கல்தச்சன்:
நீலக்கொடி சொன்னது சரி. இடத்தைக் கவனிக்காமல் காத்திருக்கச் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

மற்ற மலைகளுக்கு இது உதவும். அசையாமல் தொங்கினால் ஸ்டாமினா குறையாது, ஆனால் கூடவும் செய்யாது. நிற்க இடம் கிடைத்தால்தான் நிரம்பும். ஆகவே நேராக மேலே போகாமல், லிங்க் நிற்கக்கூடிய சாய்வுகளைக் கீழேயிருந்தே பார்த்து வைத்துக்கொண்டு ஏறுங்கள். தாவுவது நிறைய ஸ்டாமினாவைத் தின்னும். ஆனால் கடைசித் துளி மிச்சமிருந்தாலும் முழுத் தாவல் கிடைக்கும், அதனால் உச்சிக்குச் சற்றுக் கீழே இருக்கும்போது அதைச் செலவழியுங்கள். என்டூரா காளானோ கேரட்டோ ஒன்றே ஒன்றைச் சமைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாறையில் தொங்கும்போதே மெனுவைத் திறந்து சாப்பிடலாம், வட்டம் முழுசாக நிரம்பி மேலே மஞ்சளாகக் கூடுதலும் வரும்.

தேன்சிட்டு:
ஸ்டாமினாவைக் கூட்டவா, இதயத்தை (உயிர் அளவை) கூட்டவா என்றும் குழப்பமாக இருக்கிறது.

நீலக்கொடி:
ஏற ஆசை என்றால் ஸ்டாமினாதான். ஷ்ரைன் என்ற புதிர்க் கோயில்களில் கிடைக்கிற ஆன்மக் கோளம் நாலுக்கு வட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடும், மொத்தம் மூன்று வட்டம் வரை போகும். பிறகு மனம் மாறினால் ஹட்டேனோ கிராமத்தில் கொம்பு வைத்த சிலை 100 ரூபிக்கு (ஆட்டத்தின் காசு) ஒன்றை வாங்கிக்கொண்டு, 120 ரூபிக்கு மற்றதைத் தரும். அதைவிட முதலில் இரட்டை மலையில் (டூயலிங் பீக்ஸ்) ரீ டஹீ ஷ்ரைனில் கிடைக்கிற ஏறுபவர் தலைப்பட்டையை எடுங்கள். வேகமாக ஏறினால் அதே ஸ்டாமினாவுக்கு அதிக உயரம் கிடைக்கும்.

தேன்சிட்டு:
ஸோரா டொமைன் வந்து சேர்ந்துவிட்டேன்! கவசமும் கிடைத்தது. அருவியில் ஏறிப் பார்த்தபோது இத்தனை நேரம் பாறையில் மல்லுக்கட்டியது நினைவுக்கு வந்தது. மேலே போய்ப் பார்த்தால் மின் அம்புகளுக்குப் பக்கத்தில் லைனெல் என்ற சிங்கமுக அரக்கன் ஒன்று உலாத்துகிறது. அதோடு மோதாமல் இருபது அம்பையும் எடுத்துவிட முடியுமா?

நீலக்கொடி:
முடியும். குனிந்தபடியே போங்கள், அது திரும்பிப் பார்த்தால் மரத்துக்குப் பின்னால் அசையாமல் இருங்கள்.