மாத்தூர் தொட்டிப்பாலம் ஒரு கிலோமீட்டரா?

வேளிமலை: குமரி மாவட்டத்தில் ஆற்றுக்கு மேலே தொட்டியில் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் படத்தைப் போட்டு, "ஒரு கிலோமீட்டர் நீளம், ஆசியாவிலேயே பெரியது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளாளுக்குப் பகிர்ந்தும் விட்டார்கள். பார்த்ததும் எரிச்சல்தான் வந்தது. பாலத்தின் நீளம் 1204 அடி, மீட்டரில் 367. நம்ம ஊர்ப் பாலத்தைப் பற்றி நாமே தப்பாகச் சொன்னால் எப்படி?

அருமனைக்காரன்: படம் போட்டது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாமே, எதற்கு 'ஒருவர்'? சின்ன வயசிலிருந்து அந்தப் பாலத்தில் நடக்கிறேன். அக்கரை போய்ச் சேர கால் மணி நேரம் ஆகும். 367 மீட்டருக்குக் கால் மணி நேரமா? ஒரு கிலோமீட்டர்தான்.

வேளிமலை: கீழே ஓடும் பறளியாற்றை நின்று நின்று பார்த்துக்கொண்டே நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகும். தூணை எண்ணுங்கள். 28 தூண், அதற்கு 29 இடைவெளி. 1204 அடியை வகுத்தால் இடைவெளிக்கு ஏறத்தாழ 41 அடி. நீங்கள் சொல்லும் கிலோமீட்டர் 3281 அடி. அதை வகுத்தால் 113 அடி வருகிறது. பாலத்தின் உயரமே 115 அடி! அப்படியானால் ஆற்றுக்குள் நிற்கும் தூண் எவ்வளவு உயரமோ, ஏறக்குறைய அவ்வளவு தள்ளி அடுத்த தூண் நிற்க வேண்டும். நீங்கள் போட்ட படத்திலேயே பாருங்கள். அப்படியா நிற்கிறது?

நாஞ்சில் மோட்டார்: நான் வண்டியில் அளந்திருக்கிறேன். இந்தக் கரையிலிருந்து இறங்கி அந்தக் கரை ஏறினால் ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே காட்டுகிறது.

வேளிமலை: அது ரோட்டின் நீளம் அண்ணே. பாலம் நேராகப் போகிறது, ரோடு பள்ளத்தில் இறங்கி வளைந்து ஏறுகிறது. அப்புறம், வண்டி மீட்டர் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்றுதான் எண்ணும். டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், அதே தூரத்துக்கு அதிகமாகக் காட்டும்.

நாஞ்சில் மோட்டார்: என் டயர் புதுசு. போன மாதம் மைலேஜ் பற்றிப் பேசும்போதும் என் வண்டியைத்தான் குறை சொன்னீர். என் வண்டி மேல் உமக்கு என்ன கோபம்?

பறளிக்கரை: நீளம் கிடக்கட்டும் மக்கா. காமராஜர் கட்டிய பாலம் அது. அதைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லையே.

வேளிமலை: கட்டி முடித்தது 1966ல். அப்போது முதல்வர் பக்தவத்சலம். காமராஜர் 1963 அக்டோபரிலேயே பதவி விலகிவிட்டார்.

பறளிக்கரை: வந்துட்டார் கணக்குப்பிள்ளை! திட்டம் யார் காலத்தது? 1956ல்தான் குமரி இந்த மாநிலத்தோடு சேர்ந்தது. பத்தே வருஷத்தில் பட்டணங்கால் கால்வாய்த் தண்ணீரை ஆற்றுக்கு மேலே தொட்டியில் கொண்டுபோய் விளவங்கோடு, கல்குளம் வயல்களில் விட்டார்கள். என் தாத்தா அந்தத் தண்ணீரில்தான் நெல் விளைவித்தார். எங்கள் வீட்டில் அது காமராஜர் பாலம்தான். நீர் யார் மாற்ற?

வேளிமலை: காமராஜரைக் குறைத்துச் சொன்னேனா? வருஷத்தைத்தான் சொன்னேன். ஏழரை அடி அகலம், ஏழடி உயரம் உள்ள தொட்டி. மோட்டார் கிடையாது, சரிவு ஒன்றை வைத்தே தண்ணீர் அக்கரை போகிறது. இவ்வளவு பெருமை உள்ள பாலத்துக்குப் பொய்க் கிலோமீட்டர் எதற்கு?

அருமனைக்காரன்: பொய் என்று சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். குளச்சல் போர் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான், 1741ஆ இல்லையா என்று என்னிடம் மூன்று நாள் மல்லுக்கு நின்றீர்கள்.

வேளிமலை: 1741தான். அதில் இன்னுமா சந்தேகம்?

நாஞ்சில் மோட்டார்: டயர் பற்றிச் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

திற்பரப்பு: 'ஆசியாவிலேயே பெரியது' என்பதும் சரியில்லை. சீனாவில் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இதே மாதிரி நீர்ப்பாலம் இருக்கிறது.

அருமனைக்காரன்: சீனாக்காரன் பாலத்தில் நீங்களே போய் நடந்துகொள்ளுங்கள். மாத்தூர் ஒரு கிலோமீட்டர். நடந்தவன் சொல்கிறேன்.

வேளிமலை: 113 அடிக்குப் பதில் சொல்லுங்கள். இரண்டு தூணுக்கு நடுவே 113 அடி இருக்கிறதா, இல்லையா?

பறளிக்கரை: காமராஜர் பாலம்.

வேளிமலை: 113 அடி. அதற்கு மட்டும் பதில்.