48 மணி நேரத்தில் ஒரு மொபைல் கேம்: குடும்பக் குழு உரையாடல்

கயல்விழி: அனைவருக்கும் வணக்கம். வரும் வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை எங்கள் கல்லூரியில் மொபைல் கேம் உருவாக்கும் போட்டி நடக்கிறது. கருப்பொருளை வெள்ளி மாலை 6 மணிக்குத்தான் அறிவிப்பார்கள். அதிலிருந்து 48 மணி நேரத்துக்குள், ஆண்ட்ராய்டு போனில் ஓடும் ஒரு விளையாட்டை நாங்கள் நால்வரும் முடித்துக் கொடுக்க வேண்டும். மாமா, உங்கள் யோசனை வேண்டும்.

அம்மா: இரண்டு இரவு கண்விழிக்க நான் சம்மதிக்க மாட்டேன், கயல். திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வு இருக்கிறது. இரண்டே நாளில் அவசரமாகச் செய்வது எப்படி நன்றாக வரும்? தம்பி, நீயே சொல்.

மாமா: அக்கா, தூக்கத்தைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. சனி இரவு தூங்காத குழு, ஞாயிறு காலையில் ஒரு சிறு பிழையைத் திருத்தப் போய், ஓடிக்கொண்டிருந்ததையும் கெடுத்துக்கொள்ளும். ஆனால் இரண்டு நாள் போதாது என்பதை நான் ஏற்க மாட்டேன். 2009இல் 23 நாடுகளில் தொடங்கிய குளோபல் கேம் ஜாம் என்ற, குறுகிய நேரத்தில் விளையாட்டு உருவாக்கும் நிகழ்வும் 48 மணி நேரக் கணக்கில்தான் நடந்தது. 2017இல் கோபன்ஹேகனில் நடந்த நார்டிக் கேம் ஜாமில், பின்லாந்தைச் சேர்ந்த அர்வி டெய்கரி 'பாபா இஸ் யூ' என்ற புதிர் விளையாட்டின் முதல் வடிவத்தைச் செய்தார். திரையில் உள்ள சொற்களைத் தள்ளி நகர்த்தினால் விளையாட்டின் விதியே மாறிவிடும். அந்த ஒரு யோசனைதான் அந்த வார இறுதியின் விளைச்சல். முழு விளையாட்டு 2019இல் வெளிவந்தது, போனுக்கு 2021இல் வந்தது.

கயல்விழி: நாங்கள் பத்து லெவல், காசு சேர்த்துப் பொருள் வாங்கும் கடை, ஆன்லைன் மதிப்பெண் பட்டியல் என்றெல்லாம் பேசி வைத்திருக்கிறோம், மாமா.

மாமா: கடையையும் பட்டியலையும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஒரே ஒரு லெவல், ஒரே விரலால் ஆடக்கூடியதாக இருக்கட்டும். விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோவுக்கு வேண்டிய ஜாவா, ஆண்ட்ராய்டு எஸ்டிகே, எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் ஆகிய துணைக் கருவிகள் எல்லாவற்றையும் வியாழன் இரவே வீட்டு வைஃபையில் இறக்கிவிடு. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இறக்கினால் கல்லூரி வைஃபை தாங்காது. வெள்ளி இரவு, ஒரு கட்டம் மட்டும் நகரும் திரையாக இருந்தாலும், அதை ஏபிகே கோப்பாக்கி, அதாவது ஆண்ட்ராய்டில் நேரடியாக நிறுவும் கோப்பாக்கி, போனில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்க வேண்டும். மவுஸில் அழகாக ஓடுவது, போனில் கட்டைவிரல் திரையை மறைத்ததும் ஆட முடியாமல் போகும். அதை ஞாயிறு மதியம் கண்டுபிடித்துப் பயனில்லை.

தாத்தா: பிளே ஸ்டோரில் எப்போது வரும் என்று சொன்னால் நானும் இறக்கிக்கொள்வேன்.

மாமா: அப்பா, அங்கே உடனே வராது. புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள் 25 டாலர் கட்டி, குறைந்தது 12 பேரை வைத்து 14 நாள் தொடர்ந்து சோதித்த பிறகுதான் வெளியிட அனுமதி கேட்க முடியும். கயல் கோப்பை நேராக உங்களுக்கே அனுப்பட்டும். கயல், தாத்தா ஆடும்போது எப்படி ஆடுவது என்று சொல்லிக்கொடுக்காதே. அவர் எங்கே தயங்குகிறார் என்று மட்டும் வீடியோ அழைப்பில் பார். அதுதான் நீங்கள் திருத்த வேண்டிய இடம்.

அம்மா: சரி, போய் வா. இரண்டு இரவும் 11 மணிக்கு மேல் விடுதியில் உன் தோழியின் அறையில் தூங்க வேண்டும். வார்டனிடம் நானே பேசி அனுமதி வாங்குகிறேன்.

கயல்விழி: நன்றி அம்மா. தாத்தா, சனி மாலை கோப்பு வந்துவிடும். எழுத்துகளைப் பெரிதாகவே வைக்கிறேன்.