குரங்குச் சண்டை முடிந்த அப்புறம் என்ன நடக்கிறது? பார்த்தவர்கள் எழுதுங்கள்

அழகர்கோவிலில் இருந்து பழமுதிர்சோலைக்கு மலைப்பாதையில் நடந்து போயிருந்தால் அங்குள்ள குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். நம் நாட்டுக் குரங்குதான். உச்சியில் முடி தொப்பி மாதிரிப் படிந்திருக்கும். இந்தியாவின் தென்பாதியை விட்டால் உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. மதுரைக்காரன் என்பதால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் அந்தப் பாதையோரம் உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் யாரோ பொரிப் பொட்டலத்தைக் கொட்டிவிட்டுப் போனார்கள். காது கிழிந்த ஒரு பெண் குரங்கு அள்ளி அள்ளிக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டிருந்தது. பாதி வளர்ந்த ஒரு குட்டி வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்தது, அவ்வளவுதான். பெரியது எழுந்து விலகிவிட்டது. காரணம், அந்தக் குட்டியின் அம்மா. பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே கடைசிவரை இருப்பவை. அம்மாவுக்குக் கூட்டத்தில் என்ன இடமோ, அதை ஒட்டித்தான் மகளுக்கும் இடம். ஆண்களில் பெரும்பாலானவை வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போய்விடும்.

விலகிப் போனதன் மகள் மட்டும் விடவில்லை. குட்டியை அடித்துவிட்டது. குட்டி கத்திய கத்தலில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அதன் கண்ணைக் கவனித்தேன். அடித்தவளை ஒரு பார்வை, கொஞ்சம் தள்ளி இருந்த பெரிய ஆணை ஒரு பார்வை, திரும்ப அடித்தவளை. ஆளைக் கூப்பிடுகிறது! ஆண் எழுந்து நாலு அடி ஓடி வந்ததுமே அடித்தவள் பல்லை இளித்துக்கொண்டு பின்வாங்கினாள். போகிற வழியில், ஒரு சம்பந்தமும் இல்லாத சின்னதுக்கு ஓர் அறை விட்டாள். வாங்கியதைக் கீழே இறக்குவது குரங்குகளிடம் சகஜம்.

வேடிக்கை பார்த்தவர்கள் இதோடு கிளம்பிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது இதற்கு அப்புறம் வருவதுதான். கொஞ்ச நேரத்தில் அடித்தவள் உதட்டைச் சப்புக்கொட்டிக்கொண்டே குட்டியின் அம்மாவிடம் வந்தாள். வந்து முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். அம்மாக்காரி முதலில் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் கையை நீட்டி முடியை விலக்கிப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். நாம் பேன் என்கிறோம், தோல் செதிலையும் அழுக்கையும்கூட எடுக்கும். சண்டை போட்ட குட்டியும் வந்து இரண்டுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டது.

1970களில் நெதர்லாந்தின் ஆர்னெம் விலங்குக் காட்சிசாலையில் சிம்பன்சிகளைக் கவனித்த பிரான்ஸ் டி வால் இதைத்தான் பிடித்துக்கொண்டார். சண்டை போட்டவை சற்று நேரத்தில் ஒன்றையொன்று தேடிப் போய்க் கட்டிக்கொள்கின்றன, முத்தமிடுகின்றன. 1979இல் இன்னொரு ஆய்வாளரோடு சேர்ந்து அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அதுவரை சண்டையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்கள். சமாதானத்தை யாரும் பெரிதாகக் கணக்கில் எடுக்கவில்லை. தயவுசெய்து நீங்களும் சண்டை முடிந்ததும் கேமராவை அணைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. பொரியோ பழமோ ஒரே இடத்தில் குவித்துப் போடாதீர்கள். காட்டில் இலையும் பழமும் சிதறிக் கிடக்கும், ஆளுக்கொரு கிளையில் தின்னும். குவியலைப் பார்த்தால்தான் அடிதடி கூடுகிறது. புண்ணியம் என்று நினைத்துப் போடுகிறோம், கடி வாங்குவது கூட்டத்தில் கடைசியில் இருக்கிற அந்தக் காது கிழிந்ததுதான்.

---

அண்ணா, நான் வால்பாறைப் பக்கம். இங்கே யானைதான். தோட்டத்துக்குக் கீழே ஓடைச் சேற்றில் ஒரு கூட்டம் நின்றது. கொஞ்சம் பெரிய கன்று ஒன்று சின்னதை இடித்துத் தள்ளிவிட்டது. சின்னது வீறிட்டதும் அம்மா வருவதற்குள் சித்தி, பெரியம்மா என்று மூன்று பேர் சுற்றி நின்றுவிட்டார்கள். ஒருத்தி தும்பிக்கை நுனியைக் கன்றின் வாய்க்குள்ளேயே வைத்தாள். இடித்ததை யாரும் அடிக்கவில்லை, நடுவில் உடம்பைக் கொடுத்து மறித்ததோடு சரி. தாய்லாந்து யானைகளை வைத்து 2014இல் வந்த ஆய்விலும் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள்: ஒன்று கலங்கினால் மற்றவை போய்த் தும்பிக்கையால் முகத்தையும் வாயையும் தொடுகின்றன. அதில் டி வாலும் உண்டு.

ஒரு சந்தேகம். குரங்கு பல்லைக் காட்டினால் கடிக்கத்தானே வருகிறது?

---

இல்லை தம்பி. உதட்டை இழுத்துப் பல்லை முழுசாகக் காட்டி, கண்ணை வேறு பக்கம் திருப்பினால் அது பணிவு. பயந்திருக்கிறது, வழி விட்டால் போதும். புருவத்தைத் தூக்கி, வாயை வட்டமாகத் திறந்து, உங்களையே முறைத்தால்தான் மிரட்டல். அப்போது திரும்ப முறைக்க வேண்டாம், ஓடவும் வேண்டாம். பார்வையைத் தாழ்த்திக்கொண்டு மெதுவாக ஒதுங்கிப் போய்விடு. கையில் கேரி பேக் இருந்தால் முதலிலேயே பைக்குள் வைத்துவிடு.