ஜப்பான் பணிந்தது குண்டுக்கா, ரஷ்யாவுக்கா?

கடலோடி:
"ரெண்டு குண்டு போட்டதாலதான் போர் முடிஞ்சது, பத்து லட்சம் உயிர் தப்பிச்சது" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. ஹிரோஷிமாவில் அமெரிக்காவின் முதல் அணுகுண்டு விழுந்தது 1945 ஆகஸ்ட் 6. பணிவதைப் பற்றிப் பேச ஜப்பானின் ஆறு பேர் போர்க்குழு கூடியது 9-ஆம் தேதி காலை. நடுவில் மூன்று நாள் என்ன செய்தார்கள்? 9-ஆம் தேதி விடியுமுன் ரஷ்யப் படை மஞ்சூரியாவுக்குள் புகுந்தது, அன்றே கூட்டம். வேறென்ன சாட்சி வேண்டும்?

செங்கதிர்:
எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். வெளியுறவு அமைச்சர் டோகோ 8-ஆம் தேதியே பேரரசர் ஹிரோஹிட்டோவைப் பார்த்தார். இப்படியொரு ஆயுதம் வந்தபின் போரை நீட்டக் கூடாது என்றார் பேரரசர். ரஷ்யா அப்போது உள்ளே வரவே இல்லை. 15-ஆம் தேதி வானொலி உரையிலும் குண்டைத்தான் சொன்னார், ரஷ்யாவை அல்ல.

கடலோடி:
அது ஜனங்களுக்குச் சொன்னது. 17-ஆம் தேதி படைகளுக்குத் தனி ஆணை போட்டாரே, அதில் இருப்பது ரஷ்யா. குண்டு பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்று நாளுக்குப் பதில் சொல்லுங்கள்.

ஈப்போக்காரன்:
என் தாத்தாவை ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்கு ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிப்போனான். திரும்பவில்லை. பாட்டி சாகும்வரை அவர் வேட்டியைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தாள். போர் இன்னும் ஆறு மாதம் இழுத்திருந்தால் அங்கே மிச்சமிருந்தவர்கள் கதி என்ன? மூன்று நாள் கணக்கு போடுகிறவர்களுக்கு இது தெரியாது.

கடலோடி:
உங்கள் வலியைக் குறைத்துப் பேசவில்லை அண்ணே. அன்று காலை 8:15-க்கு ஹிரோஷிமாவில் பள்ளிப்பிள்ளைகள் தெருவில் நின்றார்கள், தீ பரவாமலிருக்க வீடுகளை இடிக்கும் வேலைக்கு வந்தவர்கள். ஒரு பையனின் சாப்பாட்டு டப்பா, உள்ளே கரிந்த சோறோடு, அங்கே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவனா உங்கள் தாத்தாவைப் பிடித்துப்போனான்?

ஈப்போக்காரன்:
நான் அவனைச் சொன்னேனா? சொல்லாததை என் வாயில் திணிக்காதீர்கள்.

நிலவன்:
ரெண்டாவது குண்டு விழுந்த நாகசாகியை ரெண்டு பேருமே மறந்துட்டீங்க. அதற்கு முதல் இலக்கு கொக்குரா நகரம். அங்கே வானம் தெளியாததால் நாகசாகிமேல் விழுந்தது, 9-ஆம் தேதி 11:02-க்கு. கூட்டம் நடக்கும்போதே செய்தி வந்தும் எந்த நிபந்தனையில் பணிவது என்பதில் குழுவினர் 3-க்கு 3 என்றுதான் நின்றார்கள்.

செங்கதிர்:
ரஷ்யா வந்தபிறகும் 3-க்கு 3 தானே? கூட்டத்தை 8-ஆம் தேதியே கேட்டார்கள். ஓர் உறுப்பினர் வர முடியாமல் தள்ளிப்போனது. இதுதான் உங்கள் மூன்று நாள்.

கடலோடி:
ஓர் ஊரே எரிந்து கிடக்கிறது, ஒருவருக்கு வரத் தோதுப்படவில்லை! ரஷ்யா வந்ததும் எல்லாருக்கும் தோதுப்பட்டது. என் பக்கம் நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள்.

செங்கதிர்:
டோக்கியோமேல் அமெரிக்கா போட்ட தீக்குண்டு பற்றிப் போன வருஷம் நான் எழுதியபோதும் இப்படித்தான். நான் போட்டதைப் படிக்காமலே "அடிவருடி" என்றீர்கள். இன்றுவரை ஒரு மன்னிப்பு இல்லை.

கடலோடி:
கேட்கமாட்டேன். 1945 மார்ச்சில் டோக்கியோவில் அந்த ஒரே இரவில் சுமார் 1 லட்சம் பேர் செத்தார்கள், அப்போதும் ஜப்பான் பணியவில்லை. ஊர் எரிவதற்கு அசைகிற ஆட்களா அவர்கள்? மூன்று நாள், செங்கதிர். மூன்று நாள்.

செங்கதிர்:
8-ஆம் தேதி. எத்தனை தடவை சொல்வது?